பூஜ்யம் ஒன்றானபோது

லேப்டாப்பின் மூடியை அவள் விரல்கள் மேலேயே அறைந்து மூடினான்.

அதோடு விடவில்லை. உள்ளங்கையை மேலே ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினான்.

வலது கையில் ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

அவனைக் கூப்பிட்டதே அவள்தான்.

கல்யாணமானதும் சாஃப்ட்வேர் வேலையை விட்டவள். இணையப் பக்கங்களை இயக்கும் ஃப்ரேம்வொர்க்குகளுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. அதற்காகவே சொந்தமாக ஒன்றை எழுதிக்கொண்டிருந்தாள். சமையல் முடிந்த பகல்களில். சரிவராமல் மொத்தத்தையும் அழித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

இன்று மதியம் பொத்தானை அழுத்தியதும் திரையில் பூஜ்யம் ஒன்றாக மாறியது. அந்த இணையப் பக்கத்தில் வேறெதுவும் அசையவில்லை. மாற வேண்டியது மட்டும் மாறியிருந்தது.

சந்தோஷம் தாங்கவில்லை. கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சிவநேசனுக்கும் அதே தொழில்தான். அவள் எழுதியதை மேலிருந்து கீழ்வரை படித்தான். சிரிப்பான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவன்டி சொல்லிக் குடுத்தான்?"

யாருமில்லை, நானேதான் என்றாள். போனைப் பிடுங்கித் துழாவினான். அவன் தேடிய பெயர் அதில் இல்லை. இல்லாததுதான் அவனுக்கு வெறியேற்றியது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேசையில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

அப்போதும் அவள் கை கீபோர்டைத்தான் தேடிப்போனது. எழுதியதைச் சேமித்துவிட வேண்டும்.

அவன் அதைப் பார்த்துவிட்டான். அதன் பிறகுதான் மூடி.

ஆஸ்பத்திரிக்கும் அவனே கூட்டிப்போனான். கதவு இடுக்கில் கை மாட்டிக்கொண்டது, பதறி விழுந்ததில் நெற்றியிலும் அடி. காரில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன், டாக்டரிடம் அவளைப் பேசவிடாமல் தானே ஒப்பித்தான்.

எக்ஸ்ரே அறைக்குள் அவனை விடவில்லை.

படம் எடுத்த பெண் அவளுடைய வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். நெற்றியைப் பார்த்தாள். மூடிய கதவைப் பார்த்தாள். போலீசுக்குத் தகவல் சொல்லவா என்று தணிந்த குரலில் கேட்டாள்.

வெளியே அவன் யாரிடமோ போனில் கதவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"புகார்ல இடது கையால கையெழுத்துப் போட்டா செல்லுமாங்க?"