தடுப்பு வரிசை

ஞாயிறு மதியம். மண்ணூர்பேட்டை வீட்டில் செல்வகுமார் கணினியில் கால்பந்து மேனேஜர் என்ற விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். எதிரணி நண்பன் ஆசிக்குடையது, அவன் தன் வீட்டிலிருந்து போனில் பேசிக்கொண்டே ஆடினான். மனைவி பானுப்பிரியா கடைக்குப் போயிருந்தாள். அவனுக்கு இடப்பக்கம் பாயில் கைக்குழந்தை தூங்கியது.

ஒரு கோல் முன்னிலை. கிடைத்ததைச் செல்வகுமார் கோழி முட்டையை அடைகாப்பதுபோலக் காப்பான். பதினொருவரையும் பின்னுக்கு இழுத்தான்.

"இன்னா மச்சான், ஆவடி டிப்போ பஸ்ஸெல்லாம் கோல் முன்னாடி நிறுத்திட்டியா?" என்றான் ஆசிக்.

திடீரென்று ஆட்டக்காரர்கள் பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். தோளோடு தோள் சேர்ந்து திரைக்கு வெளியே பார்த்து நின்றார்கள்.

"மாமே, என் ஆளுங்களும் உன் வரிசைல வந்து நிக்கிறானுங்கோ. நான் ஒண்ணுமே பண்ணல."

அவர்கள் செல்வகுமாரைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக, பின்னால் எதையோ பார்த்தார்கள். திரும்பினான். சமையலறை வாசல் காலியாக இருந்தது.

திரையில் கோல்கீப்பர் கையை உயர்த்திப் பாய் இருந்த பக்கம் காட்டினான். எதையோ பார்வையால் தொடர்ந்தபடி வரிசை அந்தப் பக்கம் ஓரடி நகர்ந்தது. மறுபடி காட்டினான். மறுபடி நகர்ந்தது.

திரையின் இடது ஓரத்தில் வரிசை முட்டி நின்றது. அதற்கு மேல் போக அவர்களுக்கு இடமில்லை. குழந்தை அதற்கு அப்பால் தூங்கிக்கொண்டிருந்தது.