மிஞ்சிய இரண்டு சொற்கள்

பக்கவாதம் வந்து இரண்டு மாதமாக ஒரு சொல்லும் பேசாத அண்ணன், தம்பியைக் கண்டதும் வாய் திறந்தார்.

“வெளிய போ!”

பேச்சுப் பயிற்சி தரும் பெண் கைதட்டினாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போகத் திரும்பிய தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தியவளும் அவள்தான்.

“உங்க கால்ல வேணா விழறேன் தம்பி, தினமும் வாங்க. உங்களைப் பாத்தாதான் அவருக்குப் பேச்சு வருது.”

பதினெட்டு வருடமாக முகம் பார்க்காதவர்கள். சேர்ந்து நடத்திய மரப்பட்டறை ஒரு மதியம் எரிந்து சாம்பலானது. தீ வைத்தது தம்பிதான் என்று அண்ணன் தெருத்தெருவாகச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. கூடப்பிறந்தவன் மேலேயே பழி போடுகிறாரே என்று அவரைத்தான் ஏசினார்கள். அண்ணியும் ஏசினாள்.

தம்பி தினமும் போனான். பத்து மணிக்குக் கட்டிலருகே உட்காருவான். திட்டு வாங்குவான்.

அண்ணனுக்கு மனைவியின் பெயர் வரவில்லை. மகளின் பெயர் வரவில்லை. தண்ணீர் கேட்கக்கூட வரவில்லை. அந்த இரண்டு சொற்கள் மட்டும் நாளுக்கு நாள் தெளிந்தன. கழுத்து நரம்பு புடைக்க, மூச்சையெல்லாம் திரட்டிச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷர் உயிரோடு கிடக்கிறார் என்று தம்பிக்குப் புரிந்தது.

பத்தொன்பதாம் நாள் அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தாள். அறையில் வேறு யாருமில்லை. தம்பி குனிந்து அண்ணனின் காதில் ஏதோ சொன்னான்.

புடைத்திருந்த கழுத்து தளர்ந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் வழிந்த நீரைத் துடைக்கத் தம்பிக்குக் கை எழவில்லை.

மறுநாள் அவர் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஊட்டியது கடைவாயில் வழிந்தது. தம்பியைப் பார்த்தார், அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வேறெதுவும் இல்லை.

ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பயிற்சிப் பெண் நோட்டை மூடினாள். அவரிடம் ஏதாவது சொன்னீர்களா என்று தம்பியைக் கேட்டாள்.

“சீக்கிரம் எந்திரிச்சு வாங்கன்னு சொன்னேன், அவ்வளவுதான்.”

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். “இவ்வளவு நல்ல மனசு. இவரைப் போய்த்தானே இந்த மனுஷன் அப்படிச் சொல்லித் திரிஞ்சாரு.”

கட்டிலிலிருந்து அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தீ வைத்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.