மூன்றாவது பாய்

ஊசி துருவேறித் துணியோடு ஒட்டியிருந்தது.

வெடுக்கென்று பிடுங்கினால் பாய் கிழிந்துவிடும். அவள் விரல்நுனியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் எடுத்து ஊசியின் மேல் தடவினாள். கறை படுமே என்று ஒரு கணம் யோசித்தாள்.

படட்டும். கடலோடுகிற பாயில் கறை இல்லாமலா இருக்கும்?

எதிரே அவள் கணவர், வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல உட்கார்ந்து, நூலை மெழுகுத் துண்டில் இழுத்துக்கொண்டிருந்தார். மெழுகேறிய நூல்தான் பொம்மைத் தோணிக்குக் கயிறு.

தோணியில் தண்டலாக, ஆட்களை ஏவிக்கொண்டு, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடியவர். இப்போது முழ நீளத்தில் ஒரு தோணி. பலகை, பாய்மரம், மிளகளவுக் கப்பி எல்லாம் அவரே இழைத்தவை.

பாய்கள் மட்டும் பிரகாசி தைத்தவை.

பிரகாசி அவருடைய முதல் மனைவி. அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, தேயிலைத் தண்ணீரில் முக்கி, இரண்டு பாய்களைத் தைத்து முடித்தாள். மூன்றாவதில் பாதி ஓரம் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பவில்லை.

ஊசி போகிற வழியே நூலும் போகும் என்பார்கள். இந்த ஊசி எங்கும் போகவில்லை. வருடக்கணக்காகக் குத்திய இடத்திலேயே நின்றது. தோணியும் நின்றது, மூன்றாவது மரம் மொட்டையாக.

இந்த வருடம் ஈஸ்டர் கழிந்துதான் இவள் இரண்டாந்தாரமாக இந்த வீட்டுக்கு வாழ வந்தாள்.

அடுப்படி அவளுடையதாகிவிட்டது. சாவிக்கொத்து இடுப்புக்கு வந்துவிட்டது. தோணியை மட்டும் அவள் தொட்டதில்லை. சுற்றித் துடைத்துவிட்டு வந்துவிடுவாள். வருகிறவர்கள் அதைப் பார்த்து, "பிரகாசி கைவேலையப் பாரேன்" என்பார்கள். பிறகு இவளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

தொடாதே என்று அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

இன்று காலை, காப்பி குடித்த கையோடு, அவரே அந்தத் துணியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

ஊசி அசைந்தது. மெல்ல வெளியே வந்தது.

அவளுக்குப் பயமாக இருந்தது. ஒரு தையல் பிசகினாலும் இந்த வீட்டில் மறுபடி விருந்தாளியாகிவிடுவோம் என்ற பயம்.

பிரகாசியின் மிச்ச நூலைத் துணி மடிப்புக்குள் செருகி மறைத்தாள். புது ஊசி கோத்தாள்.

சேலைக்கு ஃபால்ஸ் தைத்துப் பிழைத்த கை அவளுடையது. பொடித் தையல், எறும்பு வரிசை மாதிரி போகும். பிரகாசியுடையது வேறு. நீளம் நீளமாக, இடப்பக்கம் சாய்ந்து போகிற அவசரக்காரியின் தையல்.

அவள் அந்த அவசரத்தைப் பழகினாள்.

கையைச் சாய்த்து, எட்டி எட்டிக் குத்தி, அச்சு அசலாகப் பிரகாசியைப் போலவே தைத்தாள். கழுத்து வலித்தது. உலை கொதித்து அடங்கியதுகூடத் தெரியவில்லை.

நாலு விரற்கடை முடிந்ததும் அவர் கையை நீட்டினார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே போனார். கடைசிவரை போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"அவ எங்க விட்டா?"

தண்டலுக்கே தெரியவில்லை! அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. இதோ என்று விரல் வைத்துக் காட்டினாள்.

அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடித் தச்சா, ஒன்ன நான் எங்க போயி தேட?"

துணியைத் திரும்ப அவள் மடியில் வைத்துவிட்டு மெழுகுத் துண்டை எடுத்துக்கொண்டார்.

தைத்ததையெல்லாம் பிரித்தாள், ஒவ்வொன்றாக. பிரிக்கப் பிரிக்கச் சந்தோஷமாக இருந்தது. பாடுபட்டுத் தைத்ததைப் பிரிப்பதில் இப்படி ஒரு சந்தோஷம் உண்டென்று இத்தனை நாள் தையல் வேலையில் அவள் அறிந்ததில்லை.

பிரகாசியின் கடைசித் தையல் வந்தது.

கை நின்றது.

மடிப்புக்குள் செருகியிருந்த பழைய நூலை வெளியே எடுத்தாள். இனி அவிழாதபடி, துணி சுருங்காமல், பதமாக ஒரு முடிச்சுப் போட்டாள்.

பிறகு, அதன் பக்கத்தில், பொடியாகத் தன் தையலைப் போட்டாள்.