ஆமையின் உயரம்

கீரியும் ஆமையும் புன்னைக்காயைப் பந்தாக வைத்து விளையாடின. இரண்டு செங்கல்தான் கோல் போஸ்ட். மேலே குறுக்குக் கம்பு கிடையாது. அதனால் காவல் நிற்பவரின் தலைக்கு மேலே பந்து போனால் கோல் இல்லை என்று பேசி வைத்திருந்தன.

முதலில் ஆமை காவல் நின்றது. பந்து வரும்போதெல்லாம் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, "தலைக்கு மேல போயிடுச்சு" என்றது.

நாலாவது தடவை கீரிக்குப் பொறுக்கவில்லை. மூன்று மூங்கில் குச்சி கொண்டுவந்து இரண்டை நட்டது. மூன்றாவதைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, வாழைநாரை எடுத்தது.

"வந்து நில்லு. உன் உயரத்துக்கே கட்டிடறேன். ரெண்டு பேருக்கும் இனி அதான் அளவு."

"அடுத்து யாரு காவல்?" என்று கேட்டது ஆமை.

"நான்தான். நீ அடிக்கலாம்."

ஆமை நாலு காலையும் ஊன்றி எழும்பி, கழுத்தை நீட்டியது. அதற்கு அவ்வளவு பெரிய கழுத்து இருப்பது கீரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இவ்வளவு நேரம் நீ இந்த உயரம் இல்லையே."

"நான் எப்பவும் இதே உயரம்தான். சீக்கிரம் கட்டு, கழுத்து வலிக்குது."