ஸ்டெல்லாவின் வெயில்

கட்டடங்கள் நெருக்கியடித்த அந்த நகரத்தில் வெயில் மொட்டைமாடியில் மட்டுமே விழுந்தது. அங்கே போகவும் ஆளுக்கொரு முறை வைத்திருந்தார்கள்; முறை வந்ததும் மாடியின் தானியங்கிக் கதவு பெயர் சொல்லி அழைத்துத் திறக்கும். தேவசகாயத்துக்குச் சர்க்கரை கட்டுப்படவில்லை. வைட்டமின் டியும் மிகக் குறைவு என்றார் டாக்டர். மனைவி ஸ்டெல்லா தன் முறையையும் அவருக்கே கொடுத்தாள்.

“உனக்கு வேணாமா?”

“நான் கல்லு மாதிரி இருக்கேன். நீங்க போங்க.”

அவருக்குச் சர்க்கரை இறங்கியது. ஸ்டெல்லாவின் எலும்புகள் பலமிழந்தன. குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்தவள் பிறகு எழுந்திருக்கவேயில்லை.

அவளைப் புதைத்த பிறகும் மாடிக் கதவு அவளை அழைத்தது: “ஸ்டெல்லா தேவசகாயம், வாருங்கள்.”

“பட்டியல்லேருந்து அம்மா பேரை எடுக்கச் சொல்லுங்கப்பா,” என்று மகள் அழுதாள்.

“எடுத்துட்டா அவளை யாரும்மா கூப்பிடுவாங்க?”

அவள் பெயரைச் சொல்லிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் மாடிக்குப் போகாமல், ஆளில்லாத வெயிலைப் பார்த்தபடி நிற்பார்.