எந்த வழியா வந்தாங்க?

"அக்கா, மீசை கடையிலிருந்து நம்ம சைட்டுக்கு ஆள் வர்றாங்க."

தம்பி சொன்னதும், தோல் வெட்டிக்கொண்டிருந்த அக்கா கத்தரியை மேஜையில் வைத்தாள்.

காலில் குறை உள்ள குழந்தைகளுக்கு ஷூ தைத்து இணையத்தில் விற்பது அவள் தொழில். தைப்பது அவள், சைட்டைப் பார்த்துக்கொள்வது தம்பி. மீசை என்பது அவள் முன்பு வேலை பார்த்த பெரிய ஷூ கடையின் முதலாளி. நேரில் 'சார்'. இந்த அறைக்குள் மட்டும் மீசை.

"எத்தனை பேர்டா?"

"இந்த மாசம் பதினோரு பேர். அவர் சைட்ல ஏதோ ஒரு இடத்தை அழுத்திட்டு, நேரா இங்க வந்து இறங்கறாங்க."

"வேவு பார்க்கிறான்! எட்டு வருஷம் அங்க குப்பை கொட்டினவளுக்குத் தெரியாதா? என் டிசைனைத் திருடப் பார்க்கிறான். முதல்ல அந்த வழியை அடைச்சுடு."

தம்பி அடைக்கவில்லை. அவனுக்குள் ஒரு குறுகுறுப்பு.

"கொஞ்சம் இரு அக்கா. ஒருத்தர் எங்கிருந்து வர்றார்னு தெரிஞ்சா, எதுக்கு வர்றார்னு முக்கால்வாசி சொல்லிடலாம். கூகுள்ல தேடி வர்றவங்க நாலு கடை விலையைப் பார்ப்பாங்க. ஃபேஸ்புக்ல போட்டோ பார்த்து வர்றவங்க 'அட, அழகா இருக்கே'ன்னு சுத்திட்டுக் கிளம்பிடுவாங்க. டிசைன் திருட வர்றவன் எல்லாப் படத்தையும் பார்க்கணுமில்ல? இவங்க ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் போறாங்க."

"எந்தப் பக்கம்?"

"இடது காலுக்கு ஒரு அளவு, வலது காலுக்கு வேற அளவுன்னு வச்சிருக்கியே, அது. பதினோரு பேர்ல ஒன்பது பேர் வாங்கியும் இருக்காங்க."

"பார்த்தியா! வாங்கிப் பிரிச்சுப் பார்த்து அதே மாதிரி தைக்கப் போறான்."

"அதுக்கு ஒண்ணு போதாதா? ஒன்பது ஜோடியை ஒன்பது ஊருக்கா அனுப்பச் சொல்லுவார்?"

அக்கா அந்த ஒன்பதில் ஒரு நம்பரை எடுத்துத் தானே போன் போட்டாள்.

"ஷூ சரியா இருக்கான்னு கேக்கத்தாங்க கூப்பிட்டேன்…"

மறுமுனையில் குழந்தையின் அம்மா. "ரொம்ப நல்லா இருக்குங்க. பாப்பா கழட்டவே மாட்டேங்கறா, தூங்கும்போதுகூட! இத்தனை நாளா சின்னக் கால் பக்கம் பஞ்சை அடைச்சுதான் போட்டுவிடுவோம். நாலு எட்டு வச்சா கழண்டுடும். உங்களைப் பத்திச் சொன்னதே அந்தப் பெரிய கடைக்காரர்தாங்க."

அக்கா போனை வைப்பதற்குள், தம்பி மீசையின் சைட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

'உங்கள் குழந்தையின் இரண்டு கால்களும் ஒரே அளவு இல்லையா? அதற்கான ஷூ எங்களிடம் இல்லை. பெரிய அளவை வாங்கிப் பஞ்சு அடைக்க வேண்டாம். இவர் பிரமாதமாகத் தைப்பார். எங்களிடம் வேலை பார்த்தவர்தான்.'

அதற்குக் கீழே அக்காவின் கடைப் பெயர். அழுத்தினால் நேராக இங்கே.

இரண்டு முறை படித்தாள். பிறகு அவருக்கே போன் செய்தாள்.

"சார், நான்தான்…"

"குரல் தெரியாதா? சொல்லும்மா."

"உங்க சைட்ல என் கடையைப் போட்டிருக்கீங்க. எதுக்கு சார்? நான் உங்களுக்குப் போட்டிக் கடை."

"எனக்கு அந்த ஷூ வரலை, உனக்கு வருது. குழந்தையைத் தூக்கிட்டு வர்றவங்களை வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

"இல்ல சார்… நான் உங்களை…"

"நீ பண்றதும் எனக்குத் தெரியும்மா. அது வியாபாரம், இது குழந்தை கால். ரெண்டையும் போட்டு ஏன் குழப்பிக்கணும்? அப்புறம், கணுக்கால் பட்டை சீக்கிரம் விட்டுடுதுன்னு ஒருத்தங்க சொன்னாங்க. ரெண்டு தையல் கூடப் போடு."

வைத்துவிட்டார்.

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள்.

"என்னக்கா சொல்றார்?"

"அந்த விளம்பரத்தை நிறுத்துடா. இப்பவே."

"எந்த விளம்பரம்?"

"அவர் கடைப் பேரை யார் தேடினாலும் நம்ம கடை முதல்ல வர்ற மாதிரி ஆறு மாசமா ஓட்டிட்டிருக்கோமே, அது!"