கூடுதலாக ஒரு ஜோடி

1988இல் எங்கள் காரைக்கால் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தூசி ஆகாதென்று ஏசி அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஆனாலும் அது அடிக்கடி அசையாமல் நின்றது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மேனேஜர் வைத்தியலிங்கத்துக்கு மாற்றல்.

"அது நிக்கிறப்பல்லாம் வாசல்ல ஒரு ஜோடி செருப்பு அதிகமா கெடக்குங்க சார். நனைஞ்ச செருப்பு," என்றார் ஆபரேட்டர் நூர் அகமது.

"விஞ்ஞானத்துல பேய்க்கு இடமில்லய்யா! கடல்ல கொண்டுபோய் வீசு!" என்று கத்தினார் மேனேஜர்.

வீசினார். அதன்பின் கம்ப்யூட்டர் அசையவே இல்லை.

"செருப்பில்லாம அவரு எப்படி சார் வெளிய போவாரு?" என்று கேட்டார் நூர் அகமது.

வெள்ளிக்கிழமை நம் விஞ்ஞானி தன் சிங்கப்பூர் பூட்ஸை வாசலில் கழற்றிவைத்து, "எடுத்துக்குங்க" என்று முணுமுணுத்தார்.

கம்ப்யூட்டர் ஓடியது. வாசலில் பூட்ஸைக் காணோம். அதன் தடம் மட்டும் ஈரமாகக் கடற்கரைச் சாலைவரை போயிருந்தது.